மேடு பார்த்து நின்ற வண்டி

அத்தியாயம் 9

ஆற்றில் இறங்கிய நீச்சல்காரர்கள் நாலாவது தடவையும் வெறுங்கையோடு கரையேறினார்கள். பாலத்தின் மேல் நின்ற நீவெஸ் ஒவ்வொரு தடவையும் அவர்கள் கையைத்தான் பார்த்தாள். கையில் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே மூச்சு விட்டாள்.

"இன்னொரு தடவை இறங்கினாங்கன்னா நான் செத்துடுவேன்" என்றாள்.

ஈவோவுக்குப் பதில் வரவில்லை. சாதாரணமாக அவன் வாய் ஓயாது. துப்பறியும் எர்சிலியா வொத்தேரோவிடம் ஆறு வருஷமாக உதவியாளனாகக் குப்பை கொட்டுவதே அந்த வாயை வைத்துத்தான். இன்று மதியம் இரண்டு மணிக்கு, ஓர்கோ ஆற்றுப் பாலத்தில், அது ஒட்டிக்கொண்டது.

நீவெஸின் கணவர் ஒரேஸ்தே நேற்றுக் காலை எட்டு மணிக்குத் தன் பழைய ஃபியட் 500-ல் கிளம்பினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றார். வரவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு நாயை நடத்திக்கொண்டு வந்த ஒருவர் பாலத்தோரம் வண்டியைப் பார்த்தார். சீட்டில் ஒரேஸ்தேயின் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. போன இலையுதிர் காலத்தில் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிலிருந்து முகம் தொங்கிப் போயிருந்தவர். மார்ச் மாதம், பனி உருகி ஓடும் ஆறு. சார்ஜென்ட் மோர்ரா கணக்கைச் சட்டென்று கூட்டிவிட்டார்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. நாங்க தேடித் தரோம்" என்றார்.

"நீங்க ஆத்துல தேடறீங்க. அவர் ஆத்துல இல்ல!" நீவெஸ் கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். அதற்குள் ஒரேஸ்தேயின் இன்சுலின் ஊசி இருந்தது. "சாகப் போற மனுஷன் சாப்பாட்டுக்கு வரேன்னு சொல்லிட்டா போவார்? வந்துடுவோம்னுதான் ஊசியக்கூட எடுத்துக்கல. முப்பது மணி நேரம் ஆச்சு. ராத்திரி வரைக்கும் தாங்கலாம், அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார்."

எர்சிலியா ஆற்றுப் பக்கமே திரும்பவில்லை. ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், மழைக்கோட்டின் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு அந்த இளநீல வண்டியை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"இதுல ஏற முடியாது மேடம். நானெல்லாம் இதைச் சட்டை மாதிரிப் போட்டுக்கத்தான் முடியும்" என்றான் ஈவோ. வாய் திரும்பி வந்ததில் அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"நீவெஸ், அவர் இதை நிறுத்தும்போது மூக்கு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டாள் எர்சிலியா.

நீவெஸ் முதல் தடவையாக ஆற்றை விட்டுக் கண்ணை எடுத்தாள். அந்த இடத்தில் சாலை பாலத்தை நோக்கி ஏறுகிறது. வண்டி மேட்டைப் பார்த்து நின்றது.

"ஐயோ, நான் இதைக் கவனிக்கவே இல்லையே! இப்படி நிறுத்த மாட்டாருங்க. சத்தியமா மாட்டாரு. பேட்டரி சொத்தை. எங்க போனாலும் பள்ளத்தப் பார்த்துதான் நிறுத்துவார், உருட்டி விட்டுக் கிளப்பலாம்னு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு சர்ச்சுல இருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினார், அங்கதான் சரிவு இருக்குன்னு. புதுச் செருப்போட நடந்தேன். திரும்பும்போது தள்ளியும் விட்டேன்."

"சாகப் போறவனுக்குப் பள்ளம் எதுக்கு? மறுபடியும் கிளப்பவா போறான்?" என்றார் மோர்ரா.

"அவர் யோசிச்சிருக்க மாட்டார், சார்ஜென்ட். கை தானா திருப்பியிருக்கும். இருபது வருஷப் பழக்கம்." எர்சிலியா முன்பக்க மூடியைத் தூக்கினாள். இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். முன்னால் பெட்ரோல் டாங்கும் உபரி டயரும் பேட்டரியும்தான். பேட்டரியின் ஒரு முனையில் பளபளவென்று புதுப் பித்தளைத் துண்டு ஒன்று பூட்டியிருந்தது. நடுவில் திருகு போகிற ஓட்டை. திருகைக் காணோம்.

"கரண்டைத் துண்டிக்கிற சமாச்சாரம்" என்றான் ஈவோ. "மேல ஒரு பச்சைக் குமிழ் இருக்கும். முறுக்கினா கரண்டு வரும், கழட்டினா நின்னுடும். குமிழைப் பையில போட்டுக்கிட்டா பேட்டரியும் தீராது, திருடனும் ஓட்ட முடியாது. எங்க சித்தப்பா அதைத் தலையணைக்கு அடியில வச்சுத்தான் தூங்குவார்."

"இது நேத்து இல்ல" என்றாள் நீவெஸ். குரல் கிறீச்சிட்டது. "ஸ்பேனர் பைய உள்ள வச்சதே நான்தான். என் கண்ணால பார்த்தேன், இது இல்ல!"

"அப்ப எட்டு மணிக்கு மேல யாரோ மாட்டியிருக்காங்க. இங்க நிறுத்தினவங்க குமிழைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"ஒரேஸ்தே பாக்கெட்லயே இருக்கலாமே" என்றார் மோர்ரா.

"ஆத்துல குதிக்கறவர் பேட்டரி தீர்ந்துடுமேன்னு கவலைப்படுவாரா?"

மோர்ரா தாடையைச் சொறிந்தார். "பழைய வண்டிக்காரனுங்க படுவானுங்க, மேடம். என் மாமனாரைப் பார்த்தவன் சொல்றேன்."

எர்சிலியா மூடியைச் சாத்தினாள். "இந்தத் துண்டை யார் மாட்டுவாங்க, நீவெஸ்?"

"ரென்ஸோ. எங்க பழைய ஃபியட் கிளப்போட தலைவர். யார் வண்டியப் பார்த்தாலும் இதை மாட்டிக்கோ மாட்டிக்கோன்னு உயிரை வாங்குவார்." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. "நேத்து ராத்திரி அவருக்கு போன் பண்ணினேனே! ஒரேஸ்தே அங்க வரவே இல்லன்னார்."

ஈவோ காரை விரட்டினான். பின் சீட்டில் நீவெஸ் யாரும் கேட்காமலே பேசிக்கொண்டு வந்தாள். பேசாமல் இருந்தால் பயம் கவ்விக்கொள்ளும் போலிருந்தது.

"அந்த வண்டி மேல எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுக்கு அடியிலதான் கிடப்பார். ஒருநாள் கேட்டேன், இந்தத் தகரத்துல அப்படி என்னய்யா இருக்குன்னு. 'நீவெஸ், இந்த உலகத்துல நான் முழுசா புரிஞ்சுக்கிட்ட ஒரே பொருள் இதான்'னார். 'ரெண்டே சிலிண்டர். பத்து ஸ்பேனர். கெட்டுப்போனா ஏன் கெட்டுதுன்னு தெரியும். சரி பண்ணினா சரியாயிடும். வேற எது அப்படி இருக்கு, சொல்லு'ன்னார். எனக்குப் பதில் தெரியல. சண்டையும் போட முடியல."

"இன்னும் வேகமா போ" என்றாள் எர்சிலியா.

"இதுக்கு மேல போனா பறக்கும் மேடம்" என்றான் ஈவோ. ஆனாலும் மிதித்தான்.

ரென்ஸோ கல்லேரோவின் கொட்டகை ஆஸ்பத்திரியை விடச் சுத்தம். சுவரில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாகத் தொங்கின. மூன்று குட்டி ஃபியட்டுகள் துணி போர்த்தி நின்றன. அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி நின்றவரின் கண் தூங்காத கண்.

"அந்தப் பித்தளைத் துண்டை நீங்கதானே மாட்டினீங்க?" என்றாள் எர்சிலியா, வணக்கம் கூடச் சொல்லாமல்.

அவர் நீவெஸைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஆமா. வந்தான். நீவெஸ்கிட்டச் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டான். ஏதோ மனக்கஷ்டம். துண்டை மாட்டிக் கொடுத்தேன். பதினோரு மணிக்குக் கிளம்பிட்டான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"எந்தப் பக்கம் போனார்?"

"ஆத்துப் பக்கம்." குரல் உடைந்தது. "நான் தடுத்திருக்கணும்."

பொய்யாக இருந்தாலும் அந்த வருத்தம் நிஜம். ஈவோவுக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு கனத்தது. எர்சிலியா இன்னும் நாலு கேள்வி கேட்டாள். நாலுக்கும் பதில் வைத்திருந்தார். வழியெல்லாம் அடைத்தாயிற்று. சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. நீவெஸ் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

எர்சிலியா ஈவோவை ஒரு பார்வை பார்த்தாள். 'உன் வாயை அவிழ்த்து விடு' என்று அதற்கு அர்த்தம். ஆறு வருஷத்தில் இப்படி மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள்.

ஈவோ போனைக் காதில் வைத்தான். மறுமுனையில் யாருமே இல்லை.

"சொல்லுங்க சார்ஜென்ட்... என்னது, கிளம்ப மாட்டேங்குதா? அதுக்கு? முன் பம்பர்ல சங்கிலி போட்டு லாரியில இழுக்கறீங்களா?"

ரென்ஸோவின் கையிலிருந்த துணி நின்றது.

"கியர்ல வேற மாட்டிக்கிச்சா? சரி, அப்படியே இழுங்க. என்ன சத்தம் அது? ஓ, பம்பர் கையோட வந்துடுச்சா! பரவால்ல விடுங்க, பழைய தகரம்தானே. அடுத்து அச்சுல கொக்கியைப் போட்டு..."

"டேய்! நிறுத்தச் சொல்லுடா!" ரென்ஸோ பாய்ந்து வந்தார். "முட்டாப் பசங்களா, அறுபத்தெட்டாம் வருஷ வண்டிடா அது! இழுக்கவே வேண்டாம். இதை முறுக்கினா போதும், தானா ஓடும்!"

சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து நீட்டினார். உள்ளங்கையில் பச்சைக் குமிழ்.

ரென்ஸோ தன் கையைத் தானே பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரி பார்த்தார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்தினதும் கழட்டிட்டேன்" என்று முனகினார். "நாப்பது வருஷமா கழட்டறேன். கழட்டினதே தெரியல. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்."

நீவெஸ் அவர் முன்னால் போய் நின்றாள். கத்துவாள் என்று ஈவோ எதிர்பார்த்தான். அவள் ஒரே வார்த்தை கேட்டாள். "எங்க?"

"செத்துட்டான், நீவெஸ்."

"எங்கன்னு கேட்டேன்."

கொட்டித் தீர்த்தார். மலை மேல் வால்மோராவில் பூட்டிக் கிடக்கும் ஒரு பண்ணை. அதன் வைக்கோல் கொட்டகையில் ஐம்பத்தெட்டாம் வருஷ ஃபியட் ஒன்று, வெள்ளை உடம்பு, இடுப்பில் சிவப்புக் கோடு, ஒரு திருகு கூட மாறாமல். உலகத்திலேயே அப்படி எண்ணிச் சொல்கிற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கின்றன. பதினோரு வருஷமாக ரென்ஸோவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பண்ணையின் வாரிசு அர்ஜென்டினாவில் இருக்கிறார். ஏப்ரலில் வந்து வண்டியை ரென்ஸோவுக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரை மூச்சு விடக் கூடாது. பழைய வண்டிக்காரர்கள் கூட்டத்தில் அது சட்டம் மாதிரி. கண்டுபிடித்தவன், கையெழுத்தாகும் வரை பெண்டாட்டியிடம் கூடச் சொல்ல மாட்டான்.

"ஆனா ஒருத்தன்கிட்டயாவது காட்டணும்னு இருந்தது. எத்தனை வருஷம் தனியா பார்த்துக்கிட்டு இருக்கறது? அவன் வேற சோர்ந்து போயிருந்தானா, பார்த்தா சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். சந்தோஷப்பட்டான், நீவெஸ். அழுதுட்டான். முழுசா ஒரு தடவை பார்க்கணும்னு ரெண்டடி பின்னால போனான். பலகை உடைஞ்சுது. கீழ தானியக் குழி. நாலு மீட்டர் இருக்கும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடலையா?" என்றான் ஈவோ.

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மூணு தடவை கூப்பிட்டேன். அசையல." முகத்தை மூடிக்கொண்டார். "ஆம்புலன்ஸ் வந்தா போலீஸ் வரும். போலீஸ் வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். அவன்தான் போயிட்டானே, இனிமே சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சேன். அவன் வண்டியையே ஓட்டிட்டு வந்து பாலத்தோரம் நிறுத்தினேன், ஆத்துல குதிச்சுட்டான்னு நினைக்கட்டும்னு. அந்த நிமிஷத்துல அப்படித்தான் தோணிச்சு. இப்ப யோசிச்சா எனக்கே..."

"எஞ்சின்ல சின்னச் சத்தம் கேட்டாலும் காதை வச்சு வச்சுப் பார்ப்பியே ரென்ஸோ" என்றாள் நீவெஸ். "என் புருஷன் நெஞ்சுல ஒரு தடவை வைக்கலையா?"

எர்சிலியா ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் திணித்தாள். "வழி சொல்லு."

ரென்ஸோ சொன்னார். தேவாலயத்தைத் தாண்டி இடது பக்கம், கஷ்கொட்டைத் தோப்பு வழியாக, இரும்பு கேட் வரை. ஒவ்வொரு திருப்பத்தையும் பல்லைப் பிடுங்குவது போலச் சொல்லி முடித்தார். மலைப் பாதை, ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள்.

ஈவோவின் காரில் ரென்ஸோவோடு நாலு பேரும் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கொட்டகைக் கதவை ஈவோ உதைத்துத் திறந்தான். அந்த வெள்ளை வண்டி தூசியோடு நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. தரையில் உடைந்த பலகை, கறுப்பாக ஒரு ஓட்டை.

"ஒரேஸ்தே!" நீவெஸ் மண்டியிட்டுக் கூப்பிட்டாள். "ஒரேஸ்தே! நான்தான்யா!"

ஒரு சத்தமும் இல்லை.

ஈவோ குப்புறப் படுத்து டார்ச்சைக் கீழே அடித்தான். மண் தரை. பலகைச் சிதறல். ஒரு கறுப்புத் தொப்பி. வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

"மேடம், கீழ யாரும் இல்ல."

"இல்லையா?" ரென்ஸோ தள்ளாடி வந்து எட்டிப் பார்த்தார். "இங்கதான் கிடந்தான். இந்தத் தொப்பி இருக்கற இடத்துலதான். சத்தியமா இங்கதான்!"

"செத்தவங்க இடம் மாற மாட்டாங்க" என்றாள் எர்சிலியா. "இறங்கு ஈவோ. சீக்கிரம்!"

இறங்க என்ன வழி என்று ஈவோ சுற்றிலும் டார்ச்சை அடித்தான். கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்த்து, நீளமாக ஒரு மர ஏணி இருந்தது. அவன் ரென்ஸோவைப் பார்த்தான். ரென்ஸோ கண்ணைத் திருப்பிக்கொண்டார். வாயில் வந்ததை ஈவோ அந்த ஒரு தடவை விழுங்கினான். ஏணியைத் தூக்கினான்.

குழிக்குள் குளிர் எலும்பைக் குத்தியது. மண்ணில் ஏதோ இழுபட்ட தடம், ஒரு மூலையை நோக்கிப் போனது. மூலையில் மக்கிய சாக்குக் குவியல். ஈவோ ஒன்றை இழுத்தான், இன்னொன்றை இழுத்தான். மூன்றாவதுக்குக் கீழே ஒரு கால், கோணலாக வளைந்து. நாலாவதுக்குக் கீழே முகம்.

கன்னம் ஜில்லென்றிருந்தது. ஈவோ மூக்கின் பக்கம் காதை வைத்தான். சர்க்கரை எல்லை மீறினால் வருகிற அழுகிய பழ வாசம் அடித்தது. அந்த வாசத்தோடு மெல்லிசாக, வேகமாக, மூச்சு வந்தது.

"இருக்கார்!" அவன் அலறினான். "மேடம்! உயிரோட இருக்கார்!"

நீவெஸ் ஏணியில் இறங்கினாளா விழுந்தாளா என்று தெரியாது, வந்துவிட்டாள். டாக்டர் சொல்லிக் கொடுத்த அளவை ஊசியில் திருகி வைத்தாள். மருந்து போய்ச் சேரும் வரை அவள் கை ஆடவே இல்லை. போட்டு முடித்ததும் தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தேய்த்தாள்.

"யோவ். கண்ணைத் திறய்யா. உன்னை ஆத்துல தேடிக்கிட்டு இருக்காங்கய்யா. திறய்யா!"

ஈவோவுக்குக் கண் எரிந்தது. தூசி என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

தூரத்தில் மலையடிவாரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஒரேஸ்தேயின் இமை துடித்தது. கண் பாதி திறந்தது. உதடு வெடித்திருந்தது, முதலில் காற்றுதான் வந்தது.

"நீவெஸ்..."

"இங்கதான்யா இருக்கேன்."

அவர் பார்வை அவளைத் தாண்டி மேலே போனது. ஓட்டையின் விளிம்பில், டார்ச் வெளிச்சத்தில், ரென்ஸோவின் முகம் தெரிந்தது. ஒரேஸ்தே சிரிக்கப் பார்த்தார்.

"விழுந்ததும் கண்ணு இருட்டிடுச்சு. முழிச்சுப் பார்த்தா ரென்ஸோ இல்ல. ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்கான்னு தெரியும்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். நம்ம ரென்ஸோ விட மாட்டான், வந்துடுவான்னு. பாரு... வந்துட்டான்ல?"

மேலே எர்சிலியா ரென்ஸோவின் பக்கம் கூடத் திரும்பவில்லை. அவர் விளிம்பில் மண்டியிட்டிருந்தார், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

நீவெஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் மடியில் அந்த மூச்சு இன்னும் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் கஷ்கொட்டைத் தோப்பைத் தாண்டவில்லை.

குனிந்து கணவரின் நெற்றியைத் துடைத்தாள்.

"ஆமாய்யா" என்றாள். "வந்துட்டான்."